பவர் கூடுகிறது என்று சும்மா இருக்கலாமா?



கண்ணாடி போடும் பெண்களுக்கு எங்கள் ஊர்களில் குறைவில்லை. அவர்களில் சிலருடைய கண்ணாடி மட்டும் தனியாகத் தெரியும். ஓரம் தடித்திருக்கும், உள்ளே கண் சிறுத்துத் தெரியும். பள்ளிக்கூடத்தில் "சோடாப் போத்தல்" என்று பகிடி பண்ணப்பட்டவர்கள் இவர்கள்தான். கலியாணப் பேச்சு வந்தபோது கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லப்பட்டவர்களும் இவர்கள்தான். நாற்பது வயதுக்குப் பிறகு இவர்களிடம் ஒரு வசனத்தை நான் அடிக்கடி கேட்கிறேன்: "பவர் கூடிப் போச்சுப் போல. வெங்காயம் கிண்டி முடிய ஒருக்காப் போய்க் கண்ணாடி மாத்த வேணும்."

இந்த மாதம் அந்த வசனத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பவர் கூடியது போலத் தோன்றுவதெல்லாம் பவர் கூடியதல்ல. கடுமையான குறும்பார்வை உள்ளவர்களுக்கு வயது போகப் போகக் கண்ணின் உள்ளமைப்பே மாறக்கூடும். அந்த மாற்றம் கண்ணாடிக் கடையில் பிடிபடாது. வெங்காயம் கிண்டி முடியும் வரை காத்திருக்கவும் மாட்டாது.

நான் வைத்தியர் அல்ல, சமூகப் பணியாளர். கண் வைத்தியர்கள் சொன்னதையும் வாசித்து அறிந்ததையும் எங்கள் பெண்களிடம் கேட்டறிந்ததையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கண் நீளுவது எப்படி?

கிட்ட இருப்பது தெளிவாகவும் தூர இருப்பது மங்கலாகவும் தெரிவதுதான் குறும்பார்வை. கிட்டப்பார்வை என்றும் சொல்வார்கள். இது உங்களுக்கு எவ்வளவு கடுமை என்று அறிய ஒரு சின்னக் கணக்கு உண்டு. நூறு சென்றிமீற்றரை உங்கள் கண்ணாடியின் பவரால் பிரியுங்கள். பவர் 5 என்றால் கண்ணாடி இல்லாமல் 20 சென்றிமீற்றர் வரைதான் தெளிவாகத் தெரியும். பவர் 10 என்றால் 10 சென்றிமீற்றர், அதாவது ஒரு கையகலம் மாத்திரம். அதற்கு அப்பால் எல்லாம் புகார்தான்.

வளர்ந்த ஒருவருடைய கண், முன்னிருந்து பின்னுக்கு ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளம் உடையது. குறும்பார்வை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நீளம் கூடிவிடுகிறது. ஒரு மில்லிமீற்றர் கூடினால் பவர் சுமார் இரண்டரை முதல் மூன்று வரை ஏறும். பவர் 6ஐத் தாண்டினால், அல்லது கண்ணின் நீளம் 26 மில்லிமீற்றருக்கு மேற்போனால், அதை வைத்தியர்கள் பொதுவாகக் கடும் குறும்பார்வை என்கிறார்கள். சிலருடைய கண் 30 மில்லிமீற்றரையும் தாண்டுவதுண்டு.

நீளுவதால் என்ன கெடுதி? றொட்டி தட்டுவதை நினைத்துப் பாருங்கள். மாவின் அளவு அதேதான். அகலம் கூடக் கூட நடு மெலிந்துகொண்டு போகும். இன்னும் இழுத்தால் வெடிப்பு விழும், பிறகு கிழியும். கண்ணும் அப்படித்தான். அதன் பின்சுவரில் மூன்று படைகள் உண்டு. வெளியே தடித்த வெள்ளைப் படை. நடுவிலே இரத்தக் குழாய்கள் நிறைந்து, கண்ணுக்குச் சாப்பாடு கொடுக்கும் படை. உள்ளே ஒளியைப் பிடித்து மூளைக்கு அனுப்பும் விழித்திரை. கண் நீளும்போது மூன்றும் இழுபட்டு மெலிகின்றன. நடுப்படை சாதாரணமாக ஒரு மில்லிமீற்றரின் கால்வாசி அளவு தடிப்பு உடையது. கடும் குறும்பார்வையில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடக்கூடும்.

உள்ளே ஏற்படும் மாற்றங்கள்

முதலாவது, பின்சுவர் பிதுங்குதல். மெலிந்த இடம் வெளிப்பக்கமாக ஒரு பை போலத் தள்ளுகிறது. இத்தாலிய உடற்கூற்று அறிஞர் அன்ரோனியோ ஸ்கார்ப்பா இதை 1801இலேயே விவரித்திருக்கிறார். ஸ்ரபிலோமா என்பது இதன் பெயர். திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது.

இரண்டாவது, வெடிப்பும் இரத்தக் கசிவும். விழித்திரைக்கு அடியில் உள்ள மெல்லிய சவ்வில் வெடிப்புக் கோடுகள் விழும். அந்த வெடிப்பு வழியாகப் புதிய, பலவீனமான இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். இது பார்வையின் நடுமையத்தில் நடந்தால் நேர்கோடுகள் வளைந்து தெரியும். எழுத்தின் நடுவில் கறை விழும். கவனிக்காமல் விட்டால் அந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பை எந்தக் கண்ணாடியும் மாற்றாது. நாற்பது, ஐம்பது வயதுகளில், உழைக்கும் காலத்திலேயே இது வரக்கூடும். இப்படிக் கசிவு ஏற்பட்டோரைப் பற்றிய பல ஆய்வுகளில் ஆண்களை விடப் பெண்களே அதிகமாக இருந்திருக்கிறார்கள். ஆகவே இது எங்கள் பத்திரிகையில் எழுத வேண்டிய விடயம்தான்.

மூன்றாவது, விழித்திரை கழலுதல். கண்ணின் உள்ளே முட்டை வெண்கரு போன்ற ஒரு பாகு நிறைந்திருக்கிறது. வயதோடு அது நீர்த்துச் சுருங்கும். குறும்பார்வை உள்ளவர்களுக்கு இது நேரத்தோடேயே நடக்கும். சுருங்கும்போது, மெலிந்த விழித்திரையை அது பிடித்து இழுத்தால் ஓட்டை விழும். ஓட்டை வழியாக நீர் புகுந்தால், ஈரச் சுவரில் இருந்து கடதாசி உரிவது போல விழித்திரை உரிந்து வரும். பவர் 3க்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களை விடச் சுமார் பத்து மடங்கு என்று 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கேட்கப் பயமாக இருந்தாலும், பெரும்பான்மையோருக்கு இது வருவதில்லை. வருமுன் தெரியும் அறிகுறிகளை அறிந்து வைத்திருந்தால் போதும்.

நான்காவது, பார்வை நரம்பு பாதிக்கப்படுதல். குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய் குறும்பார்வை உள்ளவர்களுக்கு வரும் சாத்தியம் கூட. இதில் நோவு பெரும்பாலும் இல்லை. ஓரப் பார்வை மெல்ல மெல்லக் குறையும். போனது திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம்.

ஐந்தாவது, கண்புரை. மற்றவர்களை விட இளவயதிலேயே இது வரலாம். சிலவகைப் புரை பவரையும் ஏற்றிவிடும். இது சத்திரசிகிச்சையால் சரிப்படுத்தக்கூடியது.

பாருங்கள், "பவர் கூடிப் போச்சு" என்ற ஒரே வசனத்துக்குள் இத்தனையும் ஒளிந்திருக்கலாம்.

ஒரு அக்காவின் இரு கண்கள்

நீர்வேலியில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம், கதையை எழுது என்று அவரே சொன்னார்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்குப் போய், அங்கிருந்து வன்னிக்குப் போனவர் அவர். 2009இல் கணவரை இழந்தார். ஓடி வந்த வழியில் கண்ணாடியையும் இழந்தார். அவருடைய பவர் 11. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 9 சென்றிமீற்றர். செட்டிகுளம் முகாமில் மாதக்கணக்காக அந்த ஒன்பது சென்றிமீற்றருக்குள்தான் அவர் இரண்டு பிள்ளைகளோடு சீவித்தார். ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலை வாசிக்க இன்னொருவர் வேண்டும். தண்ணீர் வரிசையில் பிள்ளை கை விலகினால் எந்தப் பிள்ளை தன்னுடையது என்று தெரியாது.

"என்னைப் பெருமைக்காரி எண்டு கதைச்சவை. தெரிஞ்ச ஆக்களைக் கண்டும் சிரிக்காமல் போறனாம். எனக்கு ஆளே தெரியேல்லைத் தங்கச்சி. அவ்வளவு இழப்புக்குள்ள கண்ணாடி துலைஞ்சு போச்செண்டு வாய் திறந்து சொல்லவே வெக்கமாய் இருந்தது."

ஊருக்குத் திரும்பி, வாழைத் தோட்டத்தில் கூலிக்கு நின்று, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தார். சில வருடங்களுக்கு முன் ஒருநாள் வீட்டுக் கதவு நிலை நடுவில் வளைந்தது போல அவருக்குத் தெரிந்தது. கறையான் அரித்து நிலை சரிந்துவிட்டதோ என்று தடவிப் பார்த்திருக்கிறார். நிலை நேராகத்தான் இருந்தது. பவர் கூடிவிட்டதென்று ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார். புதுக் கண்ணாடி. சரிவரவில்லை. இரண்டாவது கண்ணாடி. அதுவும் சரிவரவில்லை. மகளின் உயர்தரப் பரீட்சை முடியட்டும் என்று இன்னும் சில மாதங்கள். கண் வைத்தியரிடம் போனபோது இடக்கண்ணின் மையத்தில் தழும்பு விழுந்துவிட்டது. இன்று அந்தக் கண்ணுக்கு ஓரம் தெரியும். நேரே நிற்பவரின் முகம் தெரியாது.

ஆனால் கிளினிக்கில் அவருக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் யன்னல் கம்பியைப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு காலை வலக்கண்ணுக்குக் கம்பி நெளிந்து தெரிந்தது. அன்று வாழைக்குலை வெட்டும் நாள். ஏற்றும் லொறியும் வந்து நின்றது. அவர் குலைகளைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, பருத்தித்துறை வீதியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்விட்டார். கசிவு தொடங்கிய நிலையில் பிடிபட்டது. கண்ணுக்குள் ஊசி மருந்து ஏற்றினார்கள். இன்றும் அந்தக் கண்ணால் தோட்டத்துக் கணக்குக் கொப்பியைத் தானே எழுதுகிறார்.

ஒரே ஆள், ஒரே நோய். ஒரு கண் மாதங்கள் காத்திருந்தது. மற்றது ஒரு நாளும் காத்திருக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் பிந்திப் போகிறோம்?

வீட்டில் யாருடைய கண் முதலில் பார்க்கப்படுகிறது என்று நான் பல குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். பிள்ளையுடையது, பிறகு வயதான தாய் தகப்பனுடையது. குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்ணின் கண் கடைசி. கணவர் இல்லாத வீடுகளில் ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கண் போனால் எல்லா நாள் கூலியும் போகும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் குற்ற உணர்வு. 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துப் படித்த தலைமுறை நாங்கள். "அந்த விளக்கிலை படிக்க விட்டுத்தான் பிள்ளையின்ரை கண்ணைக் கெடுத்தன்" என்று இன்றும் அழும் தாய்மார் இருக்கிறார்கள். அம்மாமாரே, அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். கடும் குறும்பார்வைக்குப் பரம்பரை ஒரு பெரிய காரணம். சிறுவயதில் மிகக் கூடிய நேரம் கிட்டப் பார்க்கும் வேலையும், வெளியே பகல் வெளிச்சத்தில் நிற்கும் நேரம் குறைவதும் அதைக் கூட்டுகின்றன. ஊரடங்கிலும் பதுங்குகுழியிலும் பிள்ளைகளை உள்ளே வைத்திருந்தது நீங்கள் விரும்பிச் செய்ததல்ல. விளக்கு ஏற்றித் தந்தது குற்றமுமல்ல.

அடியும் அதிர்ச்சியும்

நீண்டு மெலிந்த கண்ணுக்கு அடி ஆகாது. ஷெல் வெடிப்பில் தலையிலோ முகத்திலோ காயப்பட்டவர்கள், கடும் குறும்பார்வையும் உள்ளவர்களாயின், எத்தனை வருடமானாலும் ஒருமுறை விழித்திரையைக் காட்டிப் பார்ப்பது நல்லது.

வேறொரு அடியும் உண்டு. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். வீட்டுக்குள் முகத்தில் விழும் அடி. கண்ணைச் சுற்றி வீங்கியது வற்றிவிடும். உள்ளே விழித்திரையில் விழுந்த ஓட்டை வற்றாது. அடிபட்டிருந்தால், எப்படி அடிபட்டது என்பதை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அதேநேரம் தோட்ட வேலை, தண்ணீர் அள்ளுதல், குனிதல் என்று எல்லாவற்றுக்கும் பயந்து வீட்டுக்குள் இருக்கத் தேவையில்லை. பிரசவத்தில் முக்கினால் விழித்திரை கழன்றுவிடும் என்ற பயமும் எங்களிடையே உண்டு. சாதாரணப் பிரசவத்தால் அப்படி நடப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பிணிகள் தமது பவரைக் கிளினிக்கில் சொல்லி வைத்தால் போதும்.

என்ன செய்யலாம்?

பவர் 6க்கு மேல் என்றால் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண் வைத்தியரிடம் காட்டுங்கள். "கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பீங்களோ டொக்டர்?" என்று கேளுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், மங்கும். ஆகவே ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ தனியாகப் போக வேண்டாம். பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் செய்யும் சோதனை இது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணைப் பொத்துங்கள். பிள்ளையின் சதுரக் கொப்பியின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அதையே பாருங்கள். கோடுகள் நெளிகின்றனவா, ஏதாவது கட்டம் மறைகிறதா? பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணையும் ஒன்றாகத் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். சுவிற்சர்லாந்து வைத்தியர் மார்க் அம்ஸ்லர் ஏற்படுத்திய கட்டச் சோதனையின் எளிய வடிவம்தான் இது. வாரம் ஒரு தடவையாவது செய்யுங்கள். நெளிவு தெரிந்தால் அந்தக் கிழமைக்குள்ளேயே கண் வைத்தியரைப் பாருங்கள்.

ஆனால் கீழ்வருவன தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்:

ஒரு கண்ணில் மின்னல் போன்ற வெளிச்சம் வெட்டுதல்.

திடீரென்று புகைக்கரி தூவியது போலப் புள்ளிகளோ நூல்களோ மிதத்தல். நெடுங்காலமாக ஒன்றிரண்டு மிதப்பது வேறு; திடீரென்று பல தோன்றுவது வேறு.

ஒரு பக்கத்தில் இருந்து திரை இழுத்தது போலப் பார்வை மறைதல்.

நோவு இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். விழித்திரை கழலும்போது நோகாது. ஓட்டை மாத்திரம் என்றால் லேசரால் சுற்றி அடைத்துவிடலாம். மையப்பகுதி உரிய முன் போனால் சத்திரசிகிச்சையில் பார்வை நன்றாகவே மிஞ்சும். நூறு வருடங்களுக்கு முன் கழன்ற விழித்திரை என்றால் குருடு என்றே பொருள். 1920களில் சுவிற்சர்லாந்தில் ஜூல் கோனென் என்ற வைத்தியர்தான் ஓட்டையை அடைத்தால் விழித்திரையைக் காப்பாற்றலாம் என்று செய்து காட்டினார்.

கசிவுக்குக் கொடுக்கும் ஊசி மருந்தும் புதியதுதான். கடும் குறும்பார்வைக் கசிவுக்கு அத்தகைய மருந்தொன்றை ஐரோப்பாவில் 2013இல் அங்கீகரித்தார்கள். கண்ணுக்குள் ஊசி என்றதும் வயிறு கலங்கும். முதலில் விறைக்கச் செய்துதான் கண்ணின் வெள்ளைப் பகுதியால் மெல்லிய ஊசியைப் போடுவார்கள். சில நிமிட வேலை. "விரல் வெட்டுப்பட்ட நோவும் இல்லை" என்றார் அந்த அக்கா.

நீர்வேலியில் இருந்து யாழ். போதனா வைத்தியசாலை பத்துக் கிலோமீற்றர் அளவுதான். அரச வைத்தியசாலையில் கண் சிகிச்சை இலவசம். மேலதிகச் சிகிச்சை தேவைப்பட்டால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். அப்படி அனுப்பும் கடிதத்தைச் சேலைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டாம். துணைக்கு ஆளில்லை, செலவுக்கு வழியில்லை என்றால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ எங்களைப் போன்ற பணியாளர்களிடமோ சொல்லுங்கள்.

வைத்தியரிடம் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்து, வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கித் தந்தார். எங்கள் கண்ணில் என்ன நடக்கிறது என்று எங்கள் மொழியில் கேட்டு விளங்கிக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இன்னும் இரண்டு விடயங்கள். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களும் வருடா வருடம் விழித்திரையைக் காட்ட வேண்டும். லேசர் கண்ணின் முன்பக்கத்தை மாத்திரமே திருத்துகிறது. பின்பக்கம் நீண்டது நீண்டதுதான். அடுத்து, கண்ணாடி போட்டால் பவர் கூடும் என்று பிள்ளைகளுக்குக் கண்ணாடி போடாமல் விடாதீர்கள். அது பிழையான எண்ணம். பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள். சீனாவின் குவாங்சூ நகரில் பாடசாலை நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்ட பிள்ளைகளில், மூன்று வருடத்தில் புதிதாகக் குறும்பார்வை வந்தவர்கள் குறைவு என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்று எங்கள் முற்றங்களில் ஷெல் விழுவதில்லை. வெயிலும் காசில்லாமல் கிடைக்கிறது. பிள்ளையின் கையில் உள்ள ஃபோனை வாங்கி வைத்துவிட்டுப் பந்தைக் கொடுங்கள்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் பக்கத்து வீட்டில் தடித்த கண்ணாடி போடும் சகோதரி இருந்தால் அவரிடம் கொடுங்கள். வாசிக்கக் கஷ்டப்பட்டால் வாசித்துக் காட்டுங்கள். சதுரக் கொப்பி ஒன்றையும் கொண்டு போங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.